பழைய ‘லை’க்குத் தனிக் குறியெண் வேண்டுமா?

ஏட்டுப்பூச்சி (இழையைத் தொடங்கியவர்)

1920-களில் சென்னையில் அச்சான ஒரு தலபுராண வசன நூலை நண்பர்கள் சிலர் சேர்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். முகப்பில் ‘மூலத்தில் உள்ளபடியே’ என்று போடுவதாகத் திட்டம். சந்தி விட்டுப்போயிருந்தால் அப்படியே விடுகிறோம். அச்சுப்பிழையைக்கூடத் திருத்துவதில்லை.

ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒன்றை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறோம். புத்தகத்தில் இருப்பவை துதிக்கை வைத்த பழைய ணை, லை, ளை, னை. கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுழியும் பழைய ணா, றா, னா. திரையில் வருவதோ 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிந்தைய வடிவங்கள். நான் எதைச் சொல்கிறேன் என்று இந்தப் பெட்டியில் தட்டிக் காட்டக்கூட வழியில்லை. ஒருங்குறியில் (யூனிகோடில்) அவற்றுக்கு இடம் இல்லை.

அந்த நூலிலேயே வடமொழிச் சுலோகங்கள் கிரந்த எழுத்தில் இருக்கின்றன. அவற்றை மட்டும் உள்ளபடியே தட்ட முடிகிறது. கிரந்தத்துக்கு 2014-இல் தனிப் பகுதி கிடைத்துவிட்டது. பெரும்பாலான தமிழருக்கு வாசிக்கவே தெரியாத எழுத்துக்குக் குறியெண் உண்டு, 400 வருட அச்சு வரலாற்றில் பெரும்பகுதி புழங்கிய பழைய லைக்குக் கிடையாது. இது சரியா?

அச்சுக்கோத்தவர் கையில் இருந்த வேறுபாடுகளைக் குறியேற்றம் சுமக்க வேண்டுமா, வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணிக்குறளன்

வேண்டாம். ஒருங்குறி எழுத்துக்குத்தான் எண் கொடுக்கிறது, எழுத்தின் உருவத்துக்கு இல்லை. ஒரே ஆள் வேட்டி கட்டினாலும் பேண்ட் போட்டாலும் ஆதார் எண் ஒன்றுதான். பழைய லையும் புதிய லையும் ல் என்ற மெய்யோடு ஐ என்ற உயிர் சேர்ந்தவை. வாசிப்பு ஒன்று, பொருள் ஒன்று, அகராதியில் இடமும் ஒன்று. எப்படித் தெரிய வேண்டும் என்பது எழுத்துருவின் வேலை.

தனி எண் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ‘திணை’ என்று தேடுகிறவருக்கு உங்கள் நூலில் இருக்கும் திணை கிடைக்காது. இரண்டும் சமம் என்று ஒருங்குறியே அறிவித்துவிடலாமே என்பீர்கள். அந்தக் கதவை அவர்கள் எப்போதோ சாத்திவிட்டார்கள். ஏற்கெனவே எழுத முடிந்த ஒன்றுக்குப் புதிய எண் கொடுத்து, பழைய வரிசைக்கு அது முற்றிலும் சமம் என்று பின்னால் சேர்ப்பதை அவர்களுடைய நிலைத்தன்மை விதி தடுக்கிறது.

கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் முடியாது. நம்முடைய ஃ-க்கு அவர்கள் வைத்த பெயர் ‘விசர்க்கம்’. ஆய்தம் என்று பக்கத்தில் குறிப்பு போட்டிருக்கிறார்களே தவிர, பெயர் இன்றுவரை விசர்க்கம்தான். மாற்ற மாட்டார்கள்.

ஏட்டுப்பூச்சி

> எழுத்தின் உருவத்துக்கு இல்லை

அப்படியென்றால் ௸ என்ன? ‘மேற்படி’ என்பதன் சுருக்க உருவம்தானே? ௵ வருடம், ௴ மாதம், ௷ வரவு, ௶ பற்று. கணக்குப்பிள்ளை வேகத்துக்காகப் போட்ட சுழிகளுக்கு 2003-லேயே எண் கொடுத்துவிட்டார்கள். 2019-இல் முந்திரி, காணி வகையறாப் பின்னங்களும் அளவைக் குறிகளுமாக இன்னும் 51 வந்தன. எழுத்துக்கு மட்டும்தான் எண் என்ற விதி எங்கே போயிற்று?

கணிக்குறளன்

௸ என்று எழுதியவர் ‘மேற்படி’ என்று முழுதாக எழுதியிருக்கலாம். எழுதாமல் சுருக்கினார். ஒரே பத்திரத்தில் இரண்டும் வரும். எழுதுகிறவர் இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்கிறார், அதனால் அது எழுத்தின் பக்கம் சேர்கிறது. உங்கள் நூலின் ஆசிரியர் பழைய லை வேண்டுமா, புதிய லை வேண்டுமா என்று யோசித்தாரா? அவருக்கு இருந்தது ஒரே லை.

கேஸ்பெட்டி

தம்பிகளா, நான் கையால் அச்சுக்கோத்த ஆள். 1970-களில் ஒரு சின்ன பிரஸ்ஸில் கம்போசிட்டர். அந்தக் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் சண்டைக்கு உதவுமா பாருங்கள்.

எங்கள் கேஸில், அதாவது அச்செழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் பெட்டியில், பழைய ணை என்பது ஒரே அச்சு. கையை ஒரு முறை நீட்டினால் போதும். புதிய ணை என்றால் இணைக்கொம்பு ஒன்று, ண ஒன்று, ஆக இரண்டு. அரசாணை 13 எழுத்துகளை மாற்றியது என்று எல்லோரும் சொல்வார்கள். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அப்புறம் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. ஆனால் கேஸில் காலியானவை 7 அறைகள்தான். பழைய ணொ என்பது ஒற்றைக்கொம்பும் பழைய ணாவும் சேர்ந்ததுதானே, அதற்கென்று தனி அச்சு எதற்கு?

இன்னொரு வேடிக்கை. அரசாணைக்காக யாரும் புதிதாக எழுத்து வார்க்க வேண்டியிருக்கவில்லை. காலும் இணைக்கொம்பும் மற்ற எழுத்துகளுக்காக ஏற்கெனவே கேஸில் கிடந்தன. அந்த 7 அறைப் பக்கம் கை போகாமல் இருந்தால் போதும். அந்தக் கைதான் கேட்கவில்லை. பழக்கத்தில் பழசு வந்துவிடும், புரூஃபில் திருத்துவோம், சிலது தப்பிவிடும். அந்தக் காலத்துப் புத்தகம் சிலவற்றில் ஒரே பக்கத்தில் இரண்டு லையும் இருப்பதைப் பார்க்கலாம்.

அச்சு தனியாக இருந்தது என்பதற்காக எண்ணும் தனியாகக் கேட்டால் கி, கீ, கு, கூ எல்லாமே தனி அச்சுதான். ஈயத்தின் வசதிக்காகப் பிரித்ததையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஆனால் குறளன் தம்பி அதை வெறும் உடுப்பு என்று தள்ளுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த எழுத்தில் படித்து வளர்ந்தவனுக்கு அது உடுப்பு இல்லை.

முழுவெழுத்து

247 எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு என்று இஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் வகுத்ததைத் தமிழ் தலையில் கட்டிவிட்டார்கள். 128 இடம் ஒதுக்கி அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டி நிரப்பியிருக்கிறார்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்16-ஐயும் ஏற்றது ஏன்?

கணிக்குறளன்

அது வேறு வழக்கு. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஓர் எண் என்பது ஒரு கேள்வி, ஒரே உயிர்மெய்யின் இரண்டு உருவத்துக்கு இரண்டு எண் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு ஆமாம் என்றாலும் இரண்டாவது அப்படியே நிற்கும். தவிர டேஸ்16 உட்கார்ந்திருப்பது தனிப்பயன் பகுதியில். அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒட்டினால் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

முழுவெழுத்து

கட்டமாக வருவது யார் செய்த வேலை என்பதுதான் என் கேள்வியே. கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் நினைத்தால்

மட்டுறுத்துநர்

டேஸ்16-க்கு ஏற்கெனவே நான்கு இழைகள் ஓடுகின்றன. அங்கே போய்த் தொடருங்கள். இங்கே பழைய எழுத்து, அச்சு வேறுபாடு மட்டும்.

ஹாலே வாசி

நான் இருப்பது ஜெர்மனியின் ஹாலே. தரங்கம்பாடி மிஷனுக்கு முதல் தமிழ் அச்செழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்ட ஊர். இதே கேள்வி இவர்களுக்கு நம்மைவிடக் கூர்மையாக வந்தது என்பதால் எழுதுகிறேன்.

ஜெர்மன் நூல்கள் நூற்றாண்டுக்கணக்கில் ஃபிராக்டூர் என்ற முறிந்த கோட்டு எழுத்தில் வந்தன. உலகம் பரவலாகப் பயன்படுத்தும் உருண்டை லத்தீன் எழுத்துக்கு அவர்கள் அன்டிக்வா என்பார்கள். இரண்டுக்கும் அதே அகரவரிசை. ஆனால் ஒரு வழக்கம் இருந்தது: ஃபிராக்டூரில் ஓடும் வரியில் பிரெஞ்சுச் சொல்லோ லத்தீன் சொல்லோ வந்தால், அந்தச் சொல்லை மட்டும் அன்டிக்வாவில் கோப்பார்கள். ஒரே வரி, இரண்டு எழுத்துப் பாணி, வேண்டுமென்றே செய்தது. ‘இது அயற்சொல்’ என்று அச்சுக்கோப்பவர் வாசகருக்குச் சொல்கிறார். நம் லையில் அப்படி எதுவும் இல்லை. 1941-இல் நாஜி அரசு ஃபிராக்டூரை விலக்க உத்தரவு போட்டது, ‘யூத எழுத்து’ என்ற அபத்தமான காரணத்தோடு. அதோடு அந்த வழக்கமும் மறைந்தது.

சரி, இவ்வளவு பொருள் உள்ள வேறுபாட்டுக்காவது ஒருங்குறி தனி எண் கொடுத்ததா? இல்லை. ஃபிராக்டூர் ‘ஏ’வும் அன்டிக்வா ‘ஏ’வும் ஒன்றுதான். பெர்லின்-பிராண்டன்பர்க் அகாதமி நடத்தும் ஜெர்மன் உரைக் காப்பகம் இதைக் கையாளும் விதம் எனக்குப் பிடிக்கும். அன்டிக்வாவில் இருக்கும் சொல்லைச் சுற்றி ‘இது அன்டிக்வா’ என்று ஓர் அடையாளம் போட்டுவிடுகிறார்கள். எழுத்து அதே எழுத்து, தேடினால் கிடைக்கும். அன்டிக்வாச் சொற்களை மட்டும் திரட்டு என்றாலும் கணினியால் திரட்ட முடியும்.

ஆனால் நீள ‘எஸ்’ஸை (ſ) அவர்கள் அப்படியே எழுத்தாகத் தட்டுகிறார்கள். அதற்கு ஒருங்குறியில் தனி எண் உண்டு. அசையின் தொடக்கத்தில் நீளம், முடிவில் குட்டை என்பது போல ஓர் எழுத்து முறையே அதன் பின்னால் இருந்தது. கூட்டுச்சொல்லை எங்கே பிரிப்பது என்பதுகூடச் சில சமயம் அதை வைத்துத்தான் தெரியும். தேடலுக்காக நீளத்தையும் குட்டையையும் ஒன்றாக்கிய இன்னோர் அடுக்கு பக்கத்திலேயே இருக்கும்.

நாலாயிரவன்

ஹாலே நண்பர் சொன்ன அன்டிக்வா வழக்கத்துக்கு நம்மிடம் நேர் இணை இருக்கிறது. ஏட்டுப்பூச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டே லையைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

வடமொழியும் தமிழும் கலந்த மணிப்பிரவாள வியாக்கியானங்களை ஓலையிலோ பழைய அச்சிலோ பார்த்திருக்கிறீர்களா? வடசொல் கிரந்தத்தில், தமிழ்ச்சொல் தமிழில். சொல்லுக்குச் சொல் மாறினால்கூடப் பரவாயில்லை, ஒரே சொல்லுக்குள் மாறும். ‘ஸர்வேச்வரனுக்கு’ என்றால் ‘ஸர்வேச்வர’ வரை கிரந்தம், ‘னுக்கு’ தமிழ். பகுதி வடமொழி, விகுதி தமிழ் என்பதை எழுத்தே காட்டிவிடும். எழுதியவர் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். தமிழாகிப்போன வடசொல்லைச் சிலர் தமிழ் எழுத்திலேயே விட்டிருப்பார்கள். எது அவர்களுக்குத் தமிழாகத் தோன்றியது என்பதற்கு அதுதான் சாட்சி.

இதையெல்லாம் இன்று மின்னூலாக்குகிறவர்கள் ஸ, ஷ, ஜ, ஹ போட்டு முழுக்கத் தமிழ் எழுத்தில் ஒரே ஓட்டமாகத் தட்டிவிடுகிறார்கள். போய்விட்டது. திரும்ப மூல ஓலைக்குப் போனால்தான் உண்டு. பழைய லையைப் புதிய லையாக்கினால் தொலைவது ஒன்றுமில்லை. இங்கே தொலைவது ஆசிரியரின் முடிவு.

கணிக்குறளன்

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இங்கே குறியேற்றம் தடையாக இல்லையே. கிரந்தம் தனி எழுத்துமுறையாக வந்தாகிவிட்டது.

நாலாயிரவன்

வந்த கதையைத்தான் மறந்துவிட்டோமே. 2010-இல் எ, ஒ, ழ, ற, ன எல்லாவற்றையும் கிரந்தப் பகுதியில் சேர்க்க முன்மொழிவு போனபோது தமிழ்நாட்டில் கொதித்தார்கள், முதல்வர் கருணாநிதி மத்திய அரசுக்குக் கடிதமே எழுதினார். தமிழுக்குள் கிரந்தம் நுழைகிறது என்ற பயம் ஒரு பக்கம், கிரந்தத்துக்குள் தமிழ் போகிறது என்ற எரிச்சல் இன்னொரு பக்கம். கடைசியில் அந்த ஐந்து எழுத்தும் இல்லாமல் வந்தது.

எண் இருந்தும் தட்டுகிறவனுக்குத் தலைவலி தீரவில்லை. அச்சில் ண, த, ய, வ போன்றவை இரண்டு எழுத்திலும் ஏறக்குறைய ஒரே முகம். ஈயக் காலத்தில் ஒரே அச்சை இரண்டுக்கும் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இன்று நான் ஒவ்வொன்றுக்கும் இது கிரந்த வவா, தமிழ் வவா என்று முடிவு செய்தாக வேண்டும். மூலம் சொல்லாததை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம் ‘ஸர்வேச்வரன்’ என்று தமிழில் தேடினால் கிரந்தத்தில் இருப்பது வராது.

கேஸ்பெட்டி

கிரந்தம் வைத்திருந்த பிரஸ்கள் என் காலத்தில் குறைவு. ஆனால் ஒரே முகமாக இருந்தால் நிச்சயம் ஒரே அறையிலிருந்துதான் எடுப்பான். எந்தக் கம்போசிட்டரும் இரண்டு அறை வைத்து ஈயத்தை வீணாக்க மாட்டான்.

பாலக்காட்டுக்காரன்

மலையாளத்தின் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1971-இல் கூட்டெழுத்துகளைப் பிரித்துப் புதிய லிபி கொண்டுவந்தார்கள். தட்டச்சுப்பொறியில் அடங்க வேண்டும் என்பதுதான் காரணம். பழைய லிபியை விரும்பியவர்கள் ரசனா என்ற எழுத்துருவோடு 1999-இல் கிளம்பினார்கள். ஒருங்குறி அவர்களுக்குத் தோதாக இருந்தது. உரை ஒன்று, எழுத்துருவை மாற்றினால் பழைய லிபி. யாருக்கும் நஷ்டமில்லை.

உயிர் சேராத மெய்யைக் காட்டும் சில்லு எழுத்து மட்டும் சண்டையாகிவிட்டது. முதலில் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்றது), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று மூன்றைத் தட்டிச் சில்லு வரவழைத்தோம். 2008-இல் சில்லுகளுக்குத் தனி எண் வந்தது. கேட்டது சிலருக்குக் கிடைத்தது. ஆனால் பழைய முறையில் தட்டியவை அப்படியே வலையில் கிடக்கின்றன. பார்த்தால் ஒரே சொல், உள்ளே இரண்டு எழுத்துக்கூட்டல். எல்லாத் தேடலும் அதைச் சமாளிப்பதில்லை.

அட்டவணைக்காரி

சில்லு வரை போக வேண்டாம், நம் ‘ஸ்ரீ’யே போதும். நூலகப் பட்டியல் வேலை பார்க்கிறேன். ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று. 2005-இல் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு அதில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம். எங்கள் பட்டியலில் ஸ்ரீரங்கம் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தது. வாசகர் ஒன்றைத் தேடி ‘புத்தகம் இல்லை’ என்று போய்விடுவார். அலமாரியில் இருக்கும்.

ஔ இன்னும் மோசம். ஔவையார் என்று சரியாகத் தட்டியவர்கள் பாதி, ஒ போட்டு ள போட்டு ‘ஒளவையார்’ ஆக்கியவர்கள் பாதி. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய லைக்கு ஓர் எண் கேட்கிறவர்கள் முதலில் இந்தப் பட்டியலை ஒரு வாரம் சுத்தம் செய்து பார்க்க வேண்டும் என்பது என் சிபாரிசு.

ஈரோட்டுக்காரி

நாலாயிரவன் ‘தொலைவது ஒன்றுமில்லை’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். பெரியார் 1935-இல் ‘குடிஅரசு’ இதழில் மாற்றிய எழுத்தைக் கொண்டுவந்தார். அரசு அதை ஏற்றது 1978-இல், அவருடைய நூற்றாண்டுச் சமயத்தில். இடையில் 43 வருடம். அந்தக் காலத்தில் ஓர் இதழைப் பிரித்த உடனே லையைப் பார்த்து அது எந்த முகாம் என்று பாதி சொல்லிவிடலாம். இயக்கப் பத்திரிகைகளில் புதிய லை, மற்ற பெரும்பாலான இடங்களில் துதிக்கை லை. பெரியார் ‘அய்’, ‘அவ்’ என்று எழுதியதை அரசாணை எடுத்துக்கொள்ளவில்லை. அது எழுத்துக்கூட்டல் என்பதால் மின்பதிப்பில் அப்படியே தப்பித்துவிடுகிறது. லை தப்பிப்பதில்லை. ஒரே மனிதர் ஒரே காரணத்துக்காகச் செய்த இரண்டு மாற்றங்களில் ஒன்று பதிவாகிறது, இன்னொன்று மறைகிறது. 1950-இன் ஒரு பழைமைவாத இதழும் ஒரு திராவிட இயக்க இதழும் திரையில் ஒரே முகத்தோடு வருகின்றன. இது வரலாற்றுக்கு நஷ்டம் இல்லையா?

கணிக்குறளன்

நல்ல வாதம். ஆனால் அந்தத் தகவல் இதழ் முழுக்க ஒன்றுதானே? ‘இந்த இதழ் சீர்திருத்த எழுத்தில் அச்சானது’ என்று தலைப்பில் ஒரு வரி போட்டால் போதும். பத்தாயிரம் லையிலும் தனித்தனியாகச் சுமக்க வேண்டுமா? கேஸ்பெட்டி ஐயா, புதிய எழுத்து பிரஸ்ஸில் பழைய எழுத்து நூலிலிருந்து மேற்கோள் வந்தால் என்ன செய்வீர்கள்?

கேஸ்பெட்டி

எங்கள் எழுத்திலேயே கோப்போம். மேற்கோள் வேண்டுமென்றால் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பாயிண்ட் சின்ன எழுத்தில் போடுவோம். லையை மாற்ற வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

ஹாலே வாசி

அதுதான் நான் பார்க்கும் கோடு. ஒரே பக்கத்தில் இரண்டும், வேண்டுமென்றே, எதிரெதிராக வருகிறதா? அன்டிக்வா வந்தது. கிரந்தம் வந்தது. லை வரவில்லை, கைத்தவறாக வந்ததைத் தவிர.

தலைப்பில் ஒரு வரி என்பதை இன்னும் ஒழுங்காகச் செய்யவும் வழி இருக்கிறது. வலைப்பக்கத்தில் மொழிக்குறி போடுகிறோம் இல்லையா, அதில் ஜெர்மனுக்கு 1901 எழுத்துமுறை, 1996 எழுத்துமுறை என்று துணைக்குறிகள் உண்டு. ஃபிராக்டூர் பாணி லத்தீன் என்று சொல்ல, எழுத்துமுறைகளுக்கான குறிப் பட்டியலான ஐஎஸ்ஓ 15924-இல் தனிக் குறியே உண்டு. அந்தப் பட்டியலில் தமிழ் எழுத்துக்கு ஒரே குறிதான். சீர்திருத்தத்துக்கு முந்தைய தமிழ் எழுத்துமுறைக்கு ஒரு துணைக்குறி இருந்தால், அதைப் பார்த்து எழுத்துரு தானாகவே பழைய உருவத்தைக் காட்டும்படி செய்யலாம். உரையில் ஓர் எழுத்துகூட மாறாது.

ஏட்டுப்பூச்சி

ஒரே பக்கத்தில் எதிரெதிராக வராது என்கிறீர்கள். எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றிய கட்டுரையில்? ‘இனி இந்த லையை இப்படி எழுதுக’ என்று இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு என்று ஓர் அட்டவணை. அதை வெறும் உரையாகச் சேமித்தால் ‘லைக்குப் பதில் லை’ என்றுதான் வரும். அரசாணையையே அப்படிச் சேமித்தால் தமிழ்நாடு அரசு எதற்கு ஆணை போட்டது என்றே புரியாது.

இதற்காகவாவது வேறுபாட்டுத் தெரிவியைப் பயன்படுத்தலாம் இல்லையா? எழுத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி, ‘இதன் இன்னோர் உருவத்தைக் காட்டு’ என்று. ஜப்பானியப் பெயர்களுக்கு அப்படித்தானே செய்கிறார்கள்? தேடல் அந்தக் குறியைத் தாண்டிப் போய்விடும்.

கணிக்குறளன்

பாதிதான் நடக்கும். பகுதிகளாகப் பிரியக்கூடிய குறியீட்டோடு அந்தத் தெரிவியைச் சேர்க்கக்கூடாது என்று விதி. நம் ொ, ோ இரண்டுமே பிரியக்கூடியவை, ெ-யும் ா-வுமாக, ே-யும் ா-வுமாக. ஆக ணொ முதல் னோ வரை ஆறு எழுத்துகள் அடிபடும். மீதி ஏழுக்கு விதி குறுக்கே நிற்காது. ஆனால் ஏழுக்கு ஒரு வழி, ஆறுக்கு ஒரு வழி என்று யார் முன்மொழிவு எழுதுவார்கள்?

உங்கள் அட்டவணைக்கு என்னிடம் வெறும் உரைத் தீர்வு இல்லை. படம் போடலாம், அல்லது எழுத்துரு மாற்றி அடையாளம் போடலாம். லோகித் தமிழ் கிளாசிக்கல் என்ற இலவச எழுத்துருவில் பழைய உருவங்கள் இருக்கின்றன.

விதிவிலக்கு கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதையும் ஒரு முறை பாருங்கள். கணிதத்தில் தடித்த ‘எக்ஸ்’ வேறு, சாய்ந்த ‘எக்ஸ்’ வேறு, ஃபிராக்டூர் ‘எக்ஸ்’ வேறு. ஒரே சமன்பாட்டில் எதிரெதிராக வரும். அதனால் 2001-இல் கணித எழுத்துகள் என்று 991 குறிகளைச் சேர்த்தார்கள். காரணம் நியாயமானது. இன்று கணிதக்காரர்களைவிட அதிகமாக அதைப் பயன்படுத்துகிறவர்கள் சமூக ஊடகத்தில் பெயரை அலங்காரமாகப் போடுகிறவர்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அந்தப் பெயரை ‘கணிதத் தடித்த சாய்ந்த ஆர்’ என்று ஒவ்வோர் எழுத்தாக ஓதும், அல்லது மௌனமாகத் தாண்டிவிடும். பழைய லைக்கு எண் வந்தால் முதலில் தட்டப்போவது தலபுராணம் இல்லை, கல்யாண பேனர்.

யாழ்வாணி

கல்யாண பேனரில் வந்தால் என்ன குறைந்துவிடும்? இலங்கையில் உங்கள் அரசாணை செல்லாது. அச்சில் பழைய எழுத்து இங்கே அதற்குப் பிறகும் ஓடியது. அம்மா இப்பவும் துதிக்கை லைதான் எழுதுகிறா. நான் அவவுக்குக் கைபேசியில் தட்டிக் கொடுக்கும்போது ‘இது என்ர லை இல்லை’ என்பா. நூல், ஆவணம் என்று பேசுகிறீர்கள், உயிரோடு எழுதுகிற ஆட்களும் இருக்கினம்.

குறியெண் வேண்டாம், சரி. ஆனால் எழுத்துரு பார்த்துக்கொள்ளும் என்று கைகழுவுகிற எத்தனை பேர் அந்த ஏழு உருவத்தைத் தங்கள் எழுத்துருவில் வரைந்திருக்கிறீர்கள்? கைபேசியில் எழுத்துருவை மாற்றவே பல பேருக்கு வழி கிடையாது.

கேஸ்பெட்டி

பிள்ளை சொல்வதுதான் சரி. ஏழே ஏழு உருவம். வரையத் தெரிந்தவர்கள் வரைந்து வையுங்கள்.

ஏட்டுப்பூச்சி

நண்பர்களோடு பேசினேன். இப்படிச் செய்யப்போகிறோம்: உரை வழக்கமான ஒருங்குறியில். கிரந்தப் பகுதிகள் கிரந்தத்திலேயே, பக்கத்தில் தேடலுக்காகத் தமிழ் எழுத்தில் ஓர் அடுக்கு. முகப்பில் ‘மூலத்தில் உள்ளபடியே’ என்பதற்குப் பதில் ‘மூலம் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்தில் அச்சானது’ என்று ஒரு வரி. பக்கப் படங்களும் கூடவே போகும். மூலச் செய்யுள் பெரிய எழுத்திலும் வசனம் சின்ன எழுத்திலும் இருக்கிறது. அந்த வேறுபாட்டுக்கு அடையாளம் போட்டிருக்கிறோம், யாரும் பெரிய எழுத்துக்குத் தனி எண் கேட்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில். குறியெண் வேண்டாம் என்று எனக்கு இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை, அந்த அட்டவணை உறுத்துகிறது.

இன்னொன்று. முன்னுரையின் பக்க எண்கள் தமிழில் இருக்கின்றன. தட்டியவர் பன்னிரண்டாம் பக்கத்துக்கு ‘கஉ’ என்று எழுத்தாகத் தட்டியிருக்கிறார். அச்சில் பார்த்தால் அசல் கவும் உவும் மாதிரியேதான் இருக்கின்றன. விட்டுவிடலாமா?

அட்டவணைக்காரி

விடாதீர்கள். ௧, ௨ என்று எண்ணாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பக்க எண்ணை வைத்து வரிசைப்படுத்தும்போது உங்கள் முன்னுரை அகரவரிசையில் போய் நிற்கும்.

கேஸ்பெட்டி

நாங்கள் க அறையிலிருந்துதான் எடுத்துப் போடுவோம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாலாயிரவன்

அப்படியென்றால் கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் போடும் பிள்ளையார் சுழி எது? எழுத்து உவா, எண் ௨-ஆ?

மட்டுறுத்துநர்

அதற்குத் தனி இழை தொடங்குங்கள். தலைப்பில் உ போடுகிறவர் எதைத் தட்டினார் என்பதையும் சொல்லிவிடவும்.